மலைநாட்டுக் கிணறுகளில் நீரமுக்கம் குறைதலும் அதற்குரிய பரிகாரங்களும்

மலைநாட்டில் மழைக்குப் பஞ்சமில்லை என்பது பொதுவான எண்ணம். மகாவலி கங்கைக்கு நீரூட்டும் கொத்மலை ஓயா, ஹட்டன் ஓயா, அக்ரா ஓயா முதலியன இம்மலைகளிலேயே பிறக்கின்றன. ஆயினும் தை மாதம் கழிந்து மாசியும் பங்குனியும் வரும்போது, நுவரெலியா, கந்தப்பளை, மீப்பிலிமானை ஆகிய இடங்களின் மரக்கறித் தோட்டங்களிலும், ஹட்டன், தலவாக்கலைப் பகுதிகளின் தோட்ட வீடுகளிலும் ஒரே முறைப்பாடு எழுகின்றது: "பம்பி ஓடுகின்றது, தண்ணீர் மட்டும் வேகமாக வரவில்லை" என்பதே அது.

இவ்வாறு நேர்ந்தவுடன் பலர் பம்பி பழுதாகிவிட்டதென முடிவுசெய்து, அதைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புகின்றனர். சிலர் கடன்பட்டுப் பெரிய பம்பி வாங்குகின்றனர். இதற்கிடையில் நட்டுப் பத்து நாளான லீக்ஸ் நாற்றும், முளைத்து வரும் கரட்டும் வாடிவிடுகின்றன. குறை பம்பியில் அல்லாமல் குழாயிலோ கிணற்றிலோ இருப்பின், செலவழித்த பணமும் வீண், பயிரும் நட்டம். ஆதலின் குறை எங்குள்ளது என்பதை முறைப்படி கண்டறியும் வழிகள் இப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

முதலில் அளந்து பார்த்தல்

அமுக்கம் வேறு, ஓட்டம் வேறு. குழாய்க்குள் நீர் எவ்வளவு பலத்துடன் தள்ளுகின்றது என்பது அமுக்கம்; ஒரு நிமிடத்தில் எத்தனை லீற்றர் வெளிவருகின்றது என்பது ஓட்டம். இவ்விரண்டையும் பிரித்தறியாவிடின் குறையைக் கண்டுபிடித்தல் இயலாது.

ஓட்டத்தை அளக்க 10 லீற்றர் வாளி ஒன்றும் கைக்கடிகாரமும் போதும். வாளி 20 செக்கனில் நிறைந்தால் நிமிடத்துக்கு 30 லீற்றர், அதாவது மணிக்கு 1,800 லீற்றர் வருகின்றதென்பது கணக்கு. பம்பி நன்றாக வேலைசெய்யும் காலத்திலேயே இவ்வளவை எடுத்து, திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் நன்று. பின்னர் குறை நேரும்போது ஒப்பிட்டுப் பார்க்க இதுவே அளவுகோலாகும்.

அமுக்கத்தை அளப்பதற்குப் பம்பியின் வெளியேற்று குழாயில் அமுக்கமானி ஒன்றைப் பூட்டுதல் வேண்டும். இதன் விலை ஒரு மோட்டரைத் திருத்துவதற்கு ஆகும் செலவில் சிறு பங்கே. பம்பி ஓடும்போது வெளியேற்று வால்வைச் சில கணங்களுக்கு மட்டும் மூடி முள்ளைக் கவனிக்குக. வால்வு மூடியிருக்கையில் அமுக்கம் வழக்கம்போல் உயர்ந்து நின்றால், பம்பி பெரும்பாலும் நல்ல நிலையிலேயே உள்ளது. அப்போது, திறந்தவுடன் பம்பியருகே முள் உயர்ந்தே நிற்க வயலில் மட்டும் நீர் மெலிந்து வருமாயின், பம்பிக்கும் வயலுக்கும் இடையிலுள்ள குழாயில் அடைப்போ ஒடுக்கமோ இருக்கின்றது. வால்வு மூடியிருக்கையிலேயே முள் எழாதிருந்தால், குறை பம்பியிலோ உறிஞ்சு குழாயிலோ கிணற்றிலோ உள்ளதெனக் கொள்ளலாம்.

மலையின் உயரத்தால் நேரும் குறை

பம்பி நீரை இழுத்து எடுப்பதாகவே நாம் நினைக்கின்றோம். உண்மையில் பம்பி செய்வது உறிஞ்சு குழாயிலுள்ள காற்றை அகற்றுவதே. கிணற்று நீரின் மேல் அழுத்தும் வளிமண்டலமே நீரைக் குழாய்க்குள் மேலே தள்ளுகின்றது. எவ்வளவு சிறந்த பம்பியாயினும் சுமார் 10 மீற்றருக்கு மேல் நீரை உறிஞ்ச இயலவில்லை என்பதை இத்தாலிய நாட்டுக் கைவினைஞர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். இதனைக் கலிலியோ 1638ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில் குறிப்பிட்டார். அவருடைய மாணாக்கரான டொரிசெல்லி, காற்றின் பாரமே இதற்குக் காரணமென விளக்கினார். 1648ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துப் பஸ்கால் என்பவரின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் ஒரு மலையின் அடியிலும் உச்சியிலும் பரிசோதனை செய்து, மேலே செல்லச் செல்ல வளிமண்டல அமுக்கம் குறைகின்றது என்பதை நிறுவினார்.

இப்பரிசோதனை நம் மலைநாட்டு விவசாயிக்கு நேரடியாகப் பயன்படுவதாகும். கடல் மட்டத்தில் வளிமண்டலம் நீரைச் சுமார் 10.3 மீற்றர் உயரத்துக்குத் தாங்கவல்லது. ஹட்டன் நகரின் உயரத்தில், அதாவது ஏறத்தாழ 1,270 மீற்றரில், இது 8.9 மீற்றராகக் குறைகின்றது. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 8.2 மீற்றர் மட்டுமே. நுவரெலியாவில் நீர் 100 பாகையில் அல்லாமல் சுமார் 94 பாகையிலேயே கொதிப்பதும், பருப்பு வேக நேரம் கூடுவதும் இதே காரணத்தினாலாகும்.

இவை கணக்கின்படி வரும் எல்லைகள். குழாயின் உராய்வு, பம்பியின் தேய்வு முதலியவற்றைக் கழித்தால், கடற்கரைப் பிரதேசத்தில் சுமார் 7 மீற்றர் ஆழத்திலிருந்து நன்றாக உறிஞ்சும் பம்பி, நுவரெலியாவில் சுமார் 5 மீற்றருக்கு மேல் செவ்வையாக உறிஞ்சாது. கொழும்புக் கடையில் "7 மீற்றர்" எனக் கூறி விற்கப்படும் பம்பி, மார்கழியில் நீர்மட்டம் 3 மீற்றரில் இருக்கும்போது குறையின்றி வேலைசெய்யும். பங்குனியில் நீர் 6 மீற்றருக்கு இறங்கியதும் நடுங்கும், கரகரவென ஒலிக்கும், நீரைச் சிறுகச் சிறுகவே தள்ளும். இது பம்பியின் பழுதன்று, இடத்தின் இயல்பு.

இதனைச் சோதிக்கக் கல் கட்டிய கயிற்றைக் கிணற்றுள் இறக்கி, பம்பியின் நடுவிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள ஆழத்தை அளந்து பார்க்குக. பம்பி அரைமணி நேரம் ஓடியபின் மீண்டும் அளத்தல் வேண்டும். ஓடும்போது இறங்கும் மட்டமே கணக்கிற்குரியது.

பெற்றோல் எஞ்சின்களுக்கும் இக்குறை உண்டு. காற்று மெலிவதால் 300 மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 3 பங்கு வீதம் எஞ்சினின் பலம் குறைகின்றது. ஆகவே நுவரெலியாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பலம் இழக்கப்படும் என்பதை எஞ்சின் வாங்கும்போதே மனதிற் கொள்ளுக.

கிணற்றுக்குள் எஞ்சினை இறக்கலாகாது

நீர்மட்டம் தாழ்ந்துபோனால் பம்பியை நீருக்கு அருகே கொண்டுசெல்வதே பரிகாரம். மின் பம்பியாயின், கிணற்றின் உட்சுவரில் உறுதியான மேடை அமைத்து அதன்மேல் வைக்கலாம். அல்லது நீருள் மூழ்கி வேலைசெய்யும் பம்பியைப் பயன்படுத்தலாம். எவ்வகையாயினும் மின் கசிவைத் தடுக்கும் 'டிரிப் சுவிட்ச்' பூட்டியிருத்தலும், புவித்தொடுப்பு செவ்வையாக இருத்தலும் இன்றியமையாதன. பம்பியை மின்கம்பியால் தூக்கவோ இறக்கவோ கூடாது. அதற்கெனக் கயிறு கட்டுதல் வேண்டும்.

ஆனால் பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் எஞ்சின் எதையும் எக்காரணம் கொண்டும் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டலாகாது. எஞ்சின் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டு என்னும் வாயு நிறமும் மணமும் அற்றது. கிணறு போன்ற ஒடுங்கிய இடத்தில் அது சில நிமிடங்களிலேயே உயிரைப் பறிக்கும். மயங்கி விழுந்தவரைத் தூக்குவதற்காக இறங்கும் சகோதரனும் அயலவனும் அவ்வாறே மாண்டுபோவர். அவ்வாறு நேரின் எவரும் உள்ளே இறங்காமல், எஞ்சினை வெளியிலிருந்தே நிறுத்த முடிந்தால் நிறுத்தி, மீட்புப் பயிற்சி பெற்றோரை உடனே அழைத்தல் வேண்டும். ஒரு போகத்துக் கரட்டின் பொருட்டு ஒரு குடும்பம் அழிதல் தகாது.

உறிஞ்சு குழாயில் காற்று புகுதல்

அமுக்கக் குறைவுக்கு மிகவும் பொதுவான காரணம் இதுவே. வெளியேற்று குழாயில் ஓட்டை இருந்தால் நீர் கசிவது கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சு குழாயிலோ நீர் வெளியே வராது. வெளிக்காற்றே உள்ளே புகும். அதனால் குழாய் வெளிப்பார்வைக்கு உலர்ந்து, குறையற்றதுபோலத் தோன்றும். வெளியேறும் நீரில் குமிழிகள் காணப்படுதலும், நீர் விட்டுவிட்டு வருதலும் இதன் அடையாளங்கள்.

சோதிக்கும் முறை எளிது. பம்பி ஓடும்போது உறிஞ்சு குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் தடித்த சவர்க்கார நுரையைப் பூசுக. எந்த மூட்டில் நுரை உள்ளிழுக்கப்பட்டு மறைகின்றதோ, அங்கேதான் காற்று நுழைகின்றது. மூட்டைக் கழற்றித் துடைத்து, புதிய வாசர் இட்டோ நூல் நாடா சுற்றியோ இறுக்குதல் வேண்டும்.

உறிஞ்சு குழாய் கிணற்றிலிருந்து பம்பி வரை சீராக ஏறிச் செல்லவேண்டும். இடையில் கல்லின் மேல் வளைந்து உயர்ந்து பின்னர் தாழ்ந்தால், அவ்வளைவில் காற்றுத் தங்கி ஓட்டத்தைத் தடுக்கும்.

குழாயின் நுனியிலுள்ள அடிவால்வையும் சோதிக்குக. பம்பியை நிறுத்தியபின் நீரூற்றும் துளையைத் திறந்து, வாய் வரை நிரப்பிக் கால்மணி நேரம் கவனித்தால் போதும். நீர் இறங்கிவிடின் அடிவால்வு கசிகின்றது, அல்லது ஒரு மூட்டில் கசிவு உள்ளது. பெரும்பாலும் மணலோ, இலைத்துணுக்கோ வால்வின் வாயில் சிக்கியிருக்கும், கழுவினாற் போதும். அடிவால்வு நீர்மட்டத்துக்குக் கீழே சுமார் அரை மீற்றரும், கிணற்றின் தரைக்கு மேலே சுமார் 30 சென்ரிமீற்றரும் இருக்குமாறு அமைத்தல் நன்று. மேலே உயர்ந்தால் சுழி விழுந்து காற்றுப் புகும். கீழே தாழ்ந்தால் சேறு ஏறும்.

கிணற்றின் ஊறலை அறிதல்

கிணற்றில் ஊறும் அளவைக் காட்டிலும் அதிகமாக இறைக்கும் பம்பி, தன் நீரைத் தானே இழக்கின்றது. ஊறலை அளக்க, கிணற்றை இறைத்து நிறுத்தி ஒரு மணி நேரத்தில் நீர் எவ்வளவு உயர்கின்றது எனக் குறித்துக்கொள்ளுக. 3 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் 30 சென்ரிமீற்றர் உயர்ந்தால், ஊறல் மணிக்குச் சுமார் 2,100 லீற்றர். அக்கிணற்றில் மணிக்கு 6,000 லீற்றர் இறைக்கும் பம்பியை வைத்து இடைவிடாது ஓட்டினால், தேங்கியிருந்த நீர் தீர்ந்ததும் பம்பி உலர்ந்து ஓடி, அதன் அடைப்பு வளையங்கள் கருகிவிடும். இதைவிடப் பெரிய பம்பி வாங்குதல் குறையைக் கூட்டுமேயன்றி நீக்காது.

இத்தகைய கிணற்றுக்கு உகந்த வழி, சிறிய பம்பி கொண்டு வயலுக்கு மேலுள்ள தாங்கி ஒன்றை இரவும் பகலும் சிறுகச் சிறுக நிரப்பி, காலையில் தாங்கியிலிருந்து பாய்ச்சுதலாகும். மலைச்சரிவு நமக்குச் சிரமம் தருவது உண்மையே. தாங்கியை மேலே வைத்தால் அதே சரிவு கூலியின்றி அமுக்கம் தருகின்றது.

வெளியேற்று குழாயும் நிலத்தின் ஏற்றமும்

நீரை 10 மீற்றர் உயர்த்துவதற்குச் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 14 இராத்தல் அமுக்கம் செலவாகும். கிணறு பள்ளத்தாக்கின் அடியிலும், பாத்தி மேற்றட்டிலும் இருப்பின் இக்கணக்கைப் பார்த்தே தீரவேண்டும். ஓர் உதாரணம்: பம்பி 40 மீற்றர் உயரம் தள்ளவல்லது. நீர்மட்டம் பம்பிக்குக் கீழே 4 மீற்றர். பாத்தி பம்பிக்கு மேலே 18 மீற்றர். குழாயின் உராய்வு 6 மீற்றர். ஆக 28 மீற்றர் செலவாக, மிஞ்சுவது 12 மீற்றர் மட்டுமே. சாதாரணமான சுழலும் ஸ்பிரிங்ளருக்கு ஏறத்தாழ 20 மீற்றர் வேண்டும். ஆதலின் அது சுழலாது. ஓரிடத்திலேயே நீரைக் கொட்டிப் பாத்தியை அரிக்கும்.

இதற்குப் பரிகாரங்கள் இரண்டு. முதலாவது, ஒரே நேரத்தில் திறக்கும் ஸ்பிரிங்ளர்களின் தொகையைக் குறைத்தல். ஓட்டம் குறையும்போது உராய்வும் குறைந்து, மிஞ்சும் அமுக்கம் உயரும். இரண்டாவது, பெரிய குழாய் இடுதல். ஒரே அளவு நீர் செல்லும்போது, குழாயின் உள்விட்டம் 25 மில்லிமீற்றரிலிருந்து 32 மில்லிமீற்றராகக் கூடினால், 6 மீற்றராயிருந்த உராய்வு இழப்பு 2 மீற்றருக்கும் கீழே இறங்கும். விட்டத்தைப் பாதியாக்கினால் இழப்பு ஏறக்குறைய 32 மடங்காகும். ஆகவே குழாயில் மிச்சம் பிடித்துப் பம்பியில் செலவழிப்பது சிக்கனமன்று.

வலப்பனை, ஹங்குராங்கெத்தை, கொத்மலைப் பகுதிகளின் நெற்செய்கையாளர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நெல்வயலுக்கு வேண்டுவது அமுக்கமன்று, நீரின் தொகையே. குழாய் நுனியை ஒடுக்காது, அகன்ற குழாயால் வரம்பின் மட்டத்திலேயே நீரை விடுதல் வேண்டும். வாய்க்காலுக்கு மேலே உயர்த்திக் கொட்டும் ஒவ்வொரு மீற்றரும் வீண் செலவாகும்.

மோட்டரும் மின்சாரமும்

நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று ஆகும். தோட்டப்புறங்களில் நீண்ட கம்பிகளின் நுனியிலுள்ள வீடுகளுக்கு மாலை வேளையில் வோல்ற்று குறைந்து வருதலுண்டு. 190 வோல்ற்றாகக் குறைந்தால் மோட்டரின் தொடக்க முறுக்குவிசை மூன்றில் இரண்டு பங்காகிவிடும். மோட்டர் முனகிக்கொண்டு சூடேறும். காலையில் நன்றாகவும் மாலையில் மெலிந்தும் நீர் வருமாயின், முதலில் மின்சாரத்தையே சந்தேகிக்குக. மும்முனை மோட்டராயின், கம்பி மாற்றிப் பூட்டப்பட்டுத் தலைகீழாகச் சுழன்றாலும் நீர் வரும், ஆனால் மிகக் குறைவாகவே வரும். பம்பியின் உடலில் அம்புக்குறியிட்ட திசையுடன் ஒப்பிட்டுப் பார்த்து, மின்னியலாளரைக் கொண்டு திருத்துவிக்க.

வீட்டு அமுக்கத் தாங்கி

சில வீடுகளில் தானாக ஓடி நிற்கும் பம்பியும், உள்ளே காற்றடைத்த அமுக்கத் தாங்கியும் உண்டு. குழாயைத் திறந்தவுடன் பம்பி அடிக்கடி ஓடுவதும் நிற்பதுமாக இருந்தால், தாங்கியிலுள்ள காற்றுக் குறைந்துவிட்டது என்பது பொருள். மின்சாரத்தை நிறுத்தி, நீர் முழுவதையும் வெளியேற்றி, பைசிக்கிள் பம்பினால் காற்றடைக்க வேண்டும். பம்பி தொடங்கும் அமுக்கத்தினும் 2 இராத்தல் குறைவாக அடைப்பது முறை. 20 இராத்தலில் தொடங்குமாயின் 18 இராத்தல். இதனைச் செய்யாது விட்டால் மோட்டர் எரிந்துபோகக்கூடும்.

ஊற்று நீரும் லயத்துக் குழாய்களும்

தோட்டங்களிற் பல குடும்பங்கள் கிணற்றை அன்றி, மேட்டிலுள்ள ஊற்றிலிருந்து குழாய் வழி இறங்கிவரும் நீரையும் பீலியையுமே நம்பியுள்ளன. அங்கும் பீலியில் நீர் மெலிந்தால், முதலில் ஊற்றுவாயிலுள்ள வடிகட்டியில் இலையும் சேறும் அடைத்துள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். அடுத்து, குழாய் மேடேறி இறங்கும் இடங்களில் காற்றுத் தங்கியிருக்கலாம். மேட்டின் உச்சியில் சிறு காற்றுத்திறப்பு ஒன்றை வைத்துத் திறந்துவிட்டால், சீறிக்கொண்டு காற்று வெளியேறியபின் நீர் ஓடும். இவ்விரண்டிலும் குறையில்லையெனில், வழியில் எத்தனை கிளைக்குழாய்கள் புதிதாகச் சேர்ந்துள்ளன என எண்ணிப் பார்க்குக. மேல்லயம் குழாயைத் திறந்துவைத்தால் கீழ்லயம் வறண்டுபோகும். இது சண்டையால் தீரும் காரியமன்று. தாங்கி ஒன்று கட்டி, முறைவைத்துத் திறந்துவிடுவதால் மட்டுமே தீரும்.

அமுக்கம் குறைந்தால் அசுத்தம் புகும்

அமுக்கம் குறைதல் பயிருக்கு மட்டும் தீங்கன்று. கீழே பல குழாய்கள் ஒருங்கே திறக்கப்படும்போது, மேட்டிலுள்ள பகுதியில் அமுக்கம் வெளிக்காற்றினும் தாழ்ந்துபோகக்கூடும். அப்போது வெடித்த மூட்டு எதுவாயினும் கானில் ஓடும் அழுக்கு நீரை உள்ளே உறிஞ்சும். ஆதலின் குடிநீர்க் குழாயைக் கானின் வழியே இடலாகாது. கசிவைக் கண்டவுடன் திருத்துதல் வேண்டும். நீர் நின்று மீண்டும் வரும் நாட்களில் முதலில் வரும் நீரை விட்டுவிட்டு, குடிநீரைக் கொதிக்கவைத்துப் பருகுதல் அவசியம்.

இவ்வாறே, கிருமிநாசினி கரைக்கும் பீப்பாய்க்குள் குழாய் நுனியை அமிழ்த்தி வைக்கலாகாது. பம்பி நின்று அடிவால்வும் கசிந்தால், குழாயிலுள்ள நீர் கிணற்றுக்குத் திரும்பும்போது பீப்பாயிலுள்ள நஞ்சையும் உடன் இழுத்துச் செல்லும். அக்கிணற்று நீரையே வீட்டிற்கும் எடுப்போர் பலர். குழாய் நுனி எப்போதும் பீப்பாயின் விளிம்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிற்கட்டும்.

ஆராயும் ஒழுங்கு

1. வாளியால் ஓட்டத்தை அளந்து, பழைய குறிப்புடன் ஒப்பிடுக.
2. பம்பி ஓடும்போது கிணற்றின் நீர்மட்ட ஆழத்தை அளக்குக. நுவரெலியா உயரத்தில் 5 மீற்றரைத் தாண்டினால் பம்பியைத் தாழ்த்துவதே வழி.
3. உறிஞ்சு குழாயின் மூட்டுகளை நுரையாலும், அடிவால்வை நீர் நிரப்பியும் சோதிக்குக.
4. வெளியேற்று வால்வை மூடி அமுக்கமானியைப் பார்க்குக.
5. மின்சார வோல்ற்றையும், மோட்டர் சுழலும் திசையையும் பார்க்குக.
6. நிலத்தின் ஏற்றத்தையும் குழாயின் விட்டத்தையும் கணக்கிடுக.
7. இவை யாவும் சரியாயிருந்தால் மட்டுமே பம்பியைக் கழற்றி, உள்ளேயுள்ள சக்கரம் மணலால் தேய்ந்துள்ளதா எனப் பார்க்குக.

முதல் மூன்றும் பெருஞ்செலவு இன்றி ஒரு காலைப்பொழுதில் செய்யக்கூடியன. இவற்றைத் தை மாதத்திலேயே, கிணற்றில் நீர் இருக்கும்போதே செய்துவைக்கும் விவசாயி, பங்குனி வெயிலில் நாற்றைக் கைவிட நேராது. மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகலாம். செல்லும்போது வாளிக் கணக்கும் நீர்மட்ட அளவும் எழுதிய கொப்பியையும் உடன் எடுத்துச் செல்க.